நெட்டிச் சத்தம்

ஜூன் 10, செவ்வாய்

மாம்பழ சீசன் வந்தால் என் பிசியோதெரபி கிளினிக்கில் இடுப்புப் பிடிப்புக் கூட்டம்தான். கிரேடு தூக்குகிறவர்கள், லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் கையை இடுப்பில் வைத்தபடியே வருவார்கள். இன்று அவர்களுக்கு நடுவில் எட்டு வயதுப் பையன் ஒருவன், பர்கூர் பக்கம். எங்கேயும் வலியில்லை. "இவனுக்கு நெட்டி எடுத்து விடணும் மேடம்" என்றார் அவன் அம்மா.

போனில் ஒரு ரீல்ஸ் காட்டினார். குழந்தையைப் படுக்கவைத்துக் கழுத்தைத் திருப்புகிறார்கள், டக்கென்று ஒரு சத்தம். அடுத்த காட்சியில் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்து எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம் போனது என்று வீடியோவில் இல்லை. முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்புகிற கைரோபிராக்டிக் செய்தால் ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக் குறைபாடுகூட சரியாகிவிடும் என்று ஓசூரில் வேலை பார்க்கும் அப்பா அனுப்பினாராம்.

அவன் அம்மா சொல்லி முடிப்பதற்குள் பையன் கட்டிலின் ரெக்சின் கிழிசலில் விரலை விட்டு ஸ்பாஞ்சைப் பிய்த்து, மூட்டுக் கோணம் அளக்கிற கோனியோமீட்டரைக் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடி, லோடுமேன் ஒருவரிடம் "உங்க ஊரு எது?" என்று கேட்டு, பதில் வரும் முன்பே வாசலுக்குப் போய்விட்டான்.

வலியில்லாத கழுத்தை, அதுவும் எட்டு வயதுக் கழுத்தை நான் திருப்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

ராத்திரி பழைய நோட்டுகளைப் புரட்டினேன். 1895இல் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ஊரில் தொடங்கியது இந்த முறை. ஆரம்பித்த டேனியல் டேவிட் பால்மர் அதற்கு முன் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பை அழுத்தினேன், காது கேட்டுவிட்டது என்றார். காதிலிருந்து போகிற செவி நரம்பு நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது, முதுகுப் பக்கமே அது வருவதில்லை. ஆனாலும் நூற்றுக்கு 95 நோய் முள்ளெலும்பு விலகுவதால்தான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இடுப்புவலிக்குக் கையால் அழுத்திச் சரிசெய்வது ஓரளவு பலன் தரும், நானும் செய்கிறேன். கவனக் குறைபாடு வேறு கதை. அது மூளை வளர்கிற விதத்தில் உள்ள வித்தியாசம், குடும்ப வழியாக வருவது அதிகம். கழுத்தெலும்புக்கு அதில் பங்கு இருப்பதாக யாரும் காட்டவில்லை. 2010இல் குழந்தைகளின் ஏ.டி.ஹெச்.டி.க்குக் கைரோபிராக்டிக் பலன் தருகிறதா என்று வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்தார்கள். சலித்தவர்களும் அந்தத் துறைக்காரர்களே. நம்பத் தகுந்த தரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த டக் சத்தத்துக்குத்தான் மயங்குகிறோம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயு இடைவெளி உண்டாவதால் வருவது அது. 2015இல் கனடாவில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்து, அதைப் படமாகவே பிடித்தார்கள். எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் இல்லை. நம்மூர் சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துத் திருப்புவார்களே, அங்கேயும் இதே வாயுதான். அதையும் நிறுத்தச் சொல்லி எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று, கேட்பவர் யார்?

ஜூன் 14, சனி

அப்பா, அம்மா, பாட்டி மூவரும் வந்தார்கள். அப்பாதான் முதலில் ஆரம்பித்தார். "மொபைல்ல மூணு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கான். இவனுக்கா கவனம் இல்ல? கழுத்து நரம்பு எங்கியோ பிடிச்சிருக்கு மேடம்."

இதை எல்லா வீட்டிலும் கேட்கிறேன். பிடித்த விஷயத்தில், நொடிக்கு நொடி மாறுகிற திரையில் இந்தக் குழந்தைகள் மூழ்கிப்போவார்கள். பிடிக்காத வாய்ப்பாட்டில் கவனத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவர்களால் முடியாதது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையன் வலிக்கு லேசாக மின்சாரம் கொடுக்கிற டென்ஸ் மெஷினின் குமிழைத் திருகி, விளக்கு மினுக்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டி குறுக்கே வந்தார். "கைக்கொழந்தையில இவனுக்கு உரம் விழுந்துச்சும்மா. சேலையில போட்டு உருட்டி எடுத்தோம், அழுகை நின்னுபோச்சு. அது மாதிரிதானே இதுவும்?" எனக்குச் சிரிப்பு வந்தாலும் பாட்டி கேட்டது சரியான கேள்வி. கைக்குழந்தையின் அழுகை மூன்று நான்கு மாதத்தில் தானாகவே குறையும். குறைகிற நேரத்தில் யார் உருட்டினாலும் அவர்களுக்குப் பெயர். ஏ.டி.ஹெச்.டி.யும் நல்ல வாரம், மோசமான வாரம் என்று ஏறி இறங்குவதுதான். மோசமான வாரத்தில் கூட்டிப்போனால் அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தேவலையாக இருக்கும். போதாததற்கு அப்பாவோடு தனியாக பஸ் பயணம், அரை மணி நேரம் ஒரு பெரியவரின் முழுக் கவனம்.

அப்பா பெங்களூரில் கைரோபிராக்டிக் செய்கிற ஒரு இடத்தில் விசாரித்தாராம். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி, முதுகுக்கு எக்ஸ்ரே தனி. கவனக் குறைபாட்டை எக்ஸ்ரேயிலோ ரத்தத்திலோ கண்டுபிடிக்க முடியாது. குழந்தை உடம்பில் வீண் கதிர்வீச்சு எதற்கு என்று கேட்டதும் அப்பா கொஞ்சம் யோசித்தார். கழுத்தை வேகமாகத் திருப்பினால் அபூர்வமாகவேனும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிய வாய்ப்புண்டு என்றதும் அம்மா பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

பள்ளியிலிருந்து டீச்சர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தை அம்மா கொண்டுவந்தார். ரீல்ஸை விட இந்த ஒரு பக்கம் எவ்வளவோ மேல். "கணக்கு தெரியும், பாதியில் விட்டுவிடுகிறான். பென்சில் பாக்ஸ் வாரம் ஒன்று தொலைகிறது." டாக்டர்கள் கேட்பதும் இதைத்தான். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், ஆறு மாதமாவது, 12 வயதுக்கு முன்பே தெரிகிறதா? அதோடு கண், காது, தூக்கம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையும் சேட்டைதான் செய்யும்.

மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை இந்தப் பரிசோதனை உண்டு, ஏ.டி.ஹெச்.டி.யும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் காசு கேட்க மாட்டார்கள். அங்கே போதாது என்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, இங்கிருந்து 90 கிலோமீட்டர் சொச்சம். அதே பெங்களூர் பஸ்தான், இறங்கும் இடம்தான் வேறு.

ஜூலை 12, சனி

டாக்டர் பார்த்துவிட்டார், ஏ.டி.ஹெச்.டி. என்றே சொல்லியிருக்கிறார். முதலில் பெற்றோருக்குப் பயிற்சி. ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்வது, செய்ததும் உடனே பாராட்டுவது. நெடுஞ்சாலை லாரி தெரிகிற ஜன்னலோரத்திலிருந்து முன் பெஞ்சுக்கு மாற்ற டீச்சரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மாத்திரை பற்றி அடுத்த முறை பேசலாம் என்றாராம் டாக்டர். அப்பாவுக்கு அதுதான் பயம், "போதை மருந்துன்னு சொல்றாங்களே". ஏ.டி.ஹெச்.டி.க்குக் கொடுக்கிற மெதில்பெனிடேட் 1950களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து, குழந்தைகளிடம் நிறையவே ஆராய்ந்தது. தவறாகப் பயன்படுத்த வாய்ப்பிருப்பதால் சட்டத்தில் எக்ஸ் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். சீட்டின் ஒரு நகல் கடையிலேயே தங்கும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. பசி, தூக்கம் குறையலாம், எடை பார்க்க வேண்டும். இதையெல்லாம் டாக்டரிடமே கேளுங்கள் என்று சொல்லி, கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அப்பா இன்னும் முழுசாக விடவில்லை. ஆடி கழியட்டும், அந்தக் கைரோபிராக்டிக் இடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறார். "போறதா இருந்தா நீங்க போய்ப் படுத்து எடுத்துக்கிட்டு வாங்க, பையன அனுப்ப மாட்டேன்" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டார் அம்மா.