ப்ரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகாது

காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) மாட்டிய கார் வாய்க்கால் மதகில் ஏறி இறங்கும்போது டங்கென்று அடித்தால், "காலரை இன்னும் ரெண்டு சுத்து முறுக்குங்க, கெட்டியாயிடும்" என்பதுதான் நம் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. காலர் என்பது ஷாக்கின் மரையில் திருகி ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையம். தயவுசெய்து அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ அதுதான் ப்ரீலோட்; காலரை முறுக்கினால் அது கூடும். ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ எடை கேட்கும் சீரான ஸ்பிரிங் எவ்வளவு முறுக்கினாலும் 6 கிலோ ஸ்பிரிங்தான். முறுக்கியதும் வண்டி உயர்ந்து அடியில் இடிப்பது குறைவதால் கெட்டியானதுபோல் தோன்றுகிறது, அவ்வளவே.

ஒரு கணக்கு பாருங்கள். முன்பக்கத்தில் அப்படி ஒரு 6 கிலோ ஸ்பிரிங்கின் மேல் 240 கிலோ உட்கார்ந்தால் அது 40 மி.மீ. அமுங்கும். ப்ரீலோட் இல்லாவிட்டால் பள்ளம் வரும்போது ஷாக் அந்த 40 மி.மீ.யும் கீழே நீள முடியும். 15 மி.மீ. ப்ரீலோட் வைத்தால் மிஞ்சுவது 25தான். வெண்ணாற்றங்கரைச் சாலை மாதிரி ஒரு பக்கம் இறங்கி, டிராக்டர் தடம் விழுந்து, நடுநடுவே மதகு மேடும் வருகிற ரோட்டில் சக்கரம் தரையை விடாமல் இருக்க அந்தக் கீழ்நோக்கிய ஓட்டம்தான் வேண்டும். அது தீர்ந்தால் ஷாக் முழுதாக நீண்டு முட்டி 'டக்' என்று சத்தம் வரும். அதற்கும் நாம் மறுபடி முறுக்கத்தான் போகிறோம்!

சரி, எப்படி வைப்பது? ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். முதலில் மரையில் காய்ந்திருக்கும் களிமண்ணை பிரஷ் போட்டுச் சுத்தமாக எடுக்க வேண்டும், மண்ணோடு திருகினால் அலுமினியக் காலரின் மரை போய்விடும். காலர் நகராமல் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தளர்த்தி, ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடாமல் தட்டில் சரியாகத் தொடும் வரை காலரைக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து 2, 3 மி.மீ. போதும் என்பது என் கருத்து, கிட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. சுற்றை எண்ணாதீர்கள், வெர்னியரில் அளந்து இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள்.

உயரத்தைக் கீழ்ப் பிராக்கெட்டில் மாற்றும் வகை என்றால் அதில் மட்டும் மாற்றுங்கள். காலர் ஒன்றே உள்ள வகையில் உயரமும் ப்ரீலோடும் சேர்ந்தேதான் நகரும், அதனால் ஸ்பிரிங் தொளதொளவென்று ஆடும் அளவுக்கு இறக்கவே கூடாது. தட்டை விட்டு விலகினால் ஆபத்து.

அப்புறம் கொஞ்சம் ஓட்டி ஸ்பிரிங் படிந்ததும் லாக் ரிங்கை மறுபடி பார்த்துவிட்டு வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள், உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறியிருக்கும்.