தூபிக்குச் சாத்தும் துணி

தாய்லாந்தின் தெற்கே நகோன் சி தம்மராட் நகரில், மாக பூசை எனப்படும் பௌர்ணமித் திருநாளுக்காகத் துணியில் புத்தரின் வாழ்க்கையை வரையும் பணியில் இந்த ஆண்டு நானும் சேர்ந்துகொண்டேன். புத்தரைக் காண, ஞானம் பெற்ற துறவிகளான 1,250 அருகதர்கள் அழைப்பின்றியே வந்து கூடிய நாள் அது என்பது பௌத்த மரபு. அன்று யாத்திரிகர்கள் நீண்ட துணியைத் தலைக்கு மேல் ஏந்தி ஊர்வலமாக நடந்து, வாட் பிரா மகாதாட் கோயிலின் பெருந்தூபியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் வெறுந்துணி கொண்டுவருவோரும் உண்டு. ஆனாலும் ஓவியம் தீட்டிய ‘பிரா போட்’ துணியிடம்தான் என் மனம் போய் நிற்கிறது.

அதற்கொரு கதை சொல்கிறார்கள். இலங்கைக்கு யாத்திரை புறப்பட்டவர்களின் கப்பல் புயலில் உடைந்து, புத்த சரிதம் வரைந்த துணி ஒன்று பாக் பனாங் கரையில் ஒதுங்கியதாம். துவைத்த பிறகும் சித்திரம் அழியாததால், அதைத் தூபிக்குச் சாத்தும்படி அரசர் ஆணையிட்டாராம்.

எனக்குக் கிடைத்தவை போதி மரத்தின் இலைகள் மட்டுமே. பருத்தித் துணி வண்ணத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால், தூரிகையை ஒற்றி ஈரத்தைக் குறைத்த பிறகே துணியைத் தொட வேண்டும். இல்லையெனில் பச்சை கோட்டைத் தாண்டிப் பரவிவிடும். என் மூன்றாவது இலை அப்படித்தான் பரவியது. பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி ஒன்றும் சொல்லாமல், அந்தக் கறையையே இன்னோர் இலையாக்கிக் காம்பும் வரைந்து முடித்தார்.

ஊர்வலத்தில் துணி எங்கள் கைகளின் மேல் நகர்ந்தபோது அந்த இரட்டை இலையைத் தேடினேன். அதற்குள் அது தூபியின் மறுபக்கம் போய்விட்டது.