வேற டிகிரி முடிச்சிட்டு சைக்காலஜி மாஸ்டர்ஸ் போறவங்க முதல்ல எதை படிக்கணும்?

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ், இப்போ சைக்காலஜி மாஸ்டர்ஸுக்கு தயாராகிட்டு இருக்கேன். விஷயத்தை சொன்னா பாதிப் பேர் உடனே ஃப்ராய்டு படிச்சாச்சான்னு தான் கேக்குறாங்க. ஃப்ராய்டு, யுங் மாதிரி மனசைப் பத்தி பெரிய தியரி எழுதினவங்களை மெதுவா படிச்சுக்கலாம். என்னை மாதிரி வெளில இருந்து உள்ள வர்றவங்க முதல்ல கை வைக்க வேண்டியது ஸ்டாட்டிஸ்டிக்ஸும் ரிசர்ச் மெத்தட்ஸும் தான்.

ஏன்னா மனசை யாரும் நேரா பாத்தது கிடையாது, கவனம், ஞாபகம், பயம் எல்லாத்தையும் எதையாவது அளந்து தான் ஊகிக்க வேண்டியிருக்கு, அந்த அளவு சரியா இருக்கான்னு சந்தேகப்படுறதுல தான் இந்தப் படிப்போட உயிரே இருக்கு. 1879ல வுண்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் ஜெர்மனியோட லைப்ஸிக்ல லேப் ஆரம்பிச்சதை சைக்காலஜியோட தொடக்கம்னு சொல்றதும் அதனால தான், மனசைப் பத்தி அதுக்கு முன்னாடியும் எவ்வளவோ பேர் யோசிச்சிருக்காங்க, ஆனா லேப் வச்சு அளக்குற வேலை அங்க இருந்து தான் சூடு பிடிச்சுது.

எனக்கு இது நல்லா புரிஞ்சது ஸ்ட்ரூப் டெஸ்ட்ல. 'சிவப்பு'ங்கிற வார்த்தை நீலக் கலர்ல இருக்கும், வார்த்தையை விட்டுட்டு கலரை மட்டும் சொல்லணும். வாய் தானா சிவப்புன்னு போகும், புடிச்சு நிறுத்தி நீலம்னு சொல்லணும். ஸ்ட்ரூப் இதை வெளியிட்ட 1935 பேப்பர்ல, வெறும் கலர் கட்டங்கள் நூறை சொல்ல சராசரியா 63.3 செகண்ட், இந்த மாதிரி முரணான வார்த்தைகள் நூறுக்கு 110.3 செகண்ட்.

இதை நானே பைத்தான்ல எழுதி தெரிஞ்சவங்களை உக்கார வச்சு பாத்தேன். கோட் எழுதுறது சுலபம், அதுக்கப்புறம் வந்த கேள்விங்க தான் நிஜமான பாடம். எல்லாருக்கும் ஈஸியானதை முதல்ல குடுத்தா, ரெண்டாவதுல டைம் கூடுறது முரணாலயா இல்ல களைப்பாலயா? அப்போ பாதிப் பேருக்கு வரிசையை மாத்தணும். தப்பா சொன்னதோட டைமை சேர்க்கலாமா? ஒருத்தர் நடுவுல ஃபோனைப் பாத்துட்டா? இதையெல்லாம் ரிசல்ட்டை பாக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி எழுதி வச்சிடணும், பாத்தப்புறம் முடிவு பண்ணா நமக்கு வேணும்னு நினைக்கிற பக்கம் தான் கை போகும்.

2015ல நூறு சைக்காலஜி ஆய்வுகளை திரும்ப செஞ்சு பாத்தப்போ, முதல்ல 97 சதவீதத்துல கிடைச்சிருந்த சிக்னிஃபிகன்ட் ரிசல்ட் (வெறும் தற்செயல்னு சுலபமா ஒதுக்க முடியாத ரிசல்ட்) ரெண்டாவது தடவை 36 சதவீதத்துல தான் கிடைச்சுது. இதைப் படிச்சிட்டு இந்தப் படிப்பே வேணாம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு நேர்மாறா இருந்துச்சு, தன் தப்பை தானே தேடிப் பாக்குற துறை மேல மரியாதை தான் வருது. அதுலேர்ந்து எந்த பேப்பர் எடுத்தாலும் முதல்ல மெத்தட்ஸ் பகுதி, அப்புறம் தான் டிஸ்கஷன். பி வேல்யூவோட (நிஜத்துல வித்தியாசமே இல்லன்னா இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற எண்) நிறுத்தாம எத்தனை பேரை வச்சு செஞ்சாங்க, எஃபெக்ட் சைஸ், அதாவது வித்தியாசம் எவ்வளவு பெரிசு, என்னன்னும் பாக்குறேன். பிராக்டிஸுக்கு ஆர், ஜாஸ்ப்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, ரெண்டுமே இலவசம்.

பழைய படிப்பை தயவுசெஞ்சு மறைக்காதீங்க. கணக்கு படிச்சவங்களுக்கு சைக்கோமெட்ரிக்ஸ், அதாவது மனசை அளக்குற டெஸ்ட்டுகளை உருவாக்கி சரிபாக்குற பிரிவு, இருக்கு, இலக்கியம் படிச்சவங்க நீளமான இன்டர்வியூவை பொறுமையா படிச்சு பிரிச்சு பாக்குறதுல கெட்டி. கானமன் சைக்காலஜிஸ்ட், அவருக்கு 2002ல நோபல் கிடைச்சது எகனாமிக்ஸ்ல, அந்த அளவுக்கு துறைங்க ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கு.

தெரபிஸ்ட் ஆகணும்னா மட்டும் ஒரு எச்சரிக்கை. எல்லா சைக்காலஜி மாஸ்டர்ஸும் அதுக்கு லைசன்ஸ் வரை கொண்டு போகாது, எந்த ஊர்ல வேலை பாக்கப் போறீங்களோ அங்க எந்த கோர்ஸ், எவ்வளவு மேற்பார்வையோட பயிற்சி கேக்குறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க. ரெகமண்டேஷன் லெட்டருக்கும் கடைசி வாரம் வரை காத்திருக்காதீங்க, வாய்ப்பு இருந்தா ஒரு லேப்ல டேட்டா என்ட்ரி வேலையாவது கேட்டு சேருங்க, உங்களை வேலை செய்யுற இடத்துல பாத்த ஒருத்தர் எழுதுற லெட்டருக்கு தனி எடை.

அப்ளிகேஷனோட குடுக்குற ஸ்டேட்மெண்ட்ல, அதாவது ஏன் படிக்க வர்றோம்னு எழுதுற கட்டுரையில, "சின்ன வயசுலேர்ந்தே மனுஷங்களை புரிஞ்சுக்க ஆசை"ன்னு எழுதுறதை விட ஒரே ஒரு கேள்வியை வைங்க. நான் வச்சிருக்கிறது இது: ஒரு வேலைல மூழ்கியிருக்கும்போது நோட்டிஃபிகேஷன் வந்து அதை திறக்காமலே விட்டாலும், விட்ட இடத்துக்கு கவனம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுது, அதை எப்படி அளக்கலாம்?