டெக்சாஸ், பென்சில்வேனியா, வாஷிங்டன்: எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாக ஓட்டுப் போட்ட கதை

2024 அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் வாட்ஸாப் குழுவில் ஓட்டுப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இப்போது அமெரிக்கா முழுக்கச் சிதறிக் கிடக்கிற கூட்டம் அது. நியூஜெர்சி எடிசனில் இருப்பவன், "தபால்ல போட்டுடு, தேர்தல் அன்னைக்கு முத்திரை விழுந்தாப் போதும், ஆறு நாள் கழிச்சுப் போய்ச் சேர்ந்தாலும் எண்ணுவாங்க" என்றான். வட கரோலினாவில் ஷார்லட்காரன், அதெல்லாம் இல்லை, தபால் ஓட்டுக்கு இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், ஐடி நகலும் வைக்க வேண்டும், தேர்தல் அன்றைக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றான். அலபாமாவில் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் தோழியோ, முன்கூட்டியே போய்ப் போடுகிற வசதியே எங்களுக்குக் கிடையாது, செவ்வாய்க்கிழமை லீவு போட்டுத்தான் போகணும் என்றாள். மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனால் மூன்றில் எதுவும் எனக்கு உதவாது, நான் இருப்பது டெக்சாஸில்.

இந்தியாவில் ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். அங்கே தேர்தல் ஆணையம் தேதி சொன்னால் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் விதி ஒன்றுதான். இங்கே தேர்தலை நடத்துவது மாநிலம், மாநிலத்துக்குள் அதைச் செய்வது கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. யார் தபாலில் போடலாம், எத்தனை நாள் முன்னால் போய்ப் போடலாம், என்ன அடையாள அட்டை, கவர் எந்த மணிக்குள் வந்து சேர வேண்டும் எல்லாமே மாநில எல்லையைத் தாண்டினால் மாறிவிடும். அதனால் நண்பர் சொன்னார், மச்சான் சொன்னார் என்று எதையும் செய்யாமல், உங்கள் கவுண்டியின் தேர்தல் பக்கத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

எனக்கு அந்த வருஷம் ஏப்ரலில்தான் குடியுரிமை வந்தது. உறுதிமொழி முடிந்து வெளியே வரும்போதே தன்னார்வலர்கள் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினார்கள். டெக்சாஸில் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது சேர்த்துச் செய்வதைத் தவிர ஆன்லைனில் பதிய வழியில்லை. படிவத்தை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, கவுண்டிக்கு அனுப்ப வேண்டும், அதுவும் தேர்தலுக்கு 30 நாள் முன்னால். 2024-ல் கடைசி நாள் அக்டோபர் 7. நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோ ஒரே ஊர்தான் என்றாலும் பாதி காலின் கவுண்டியிலும் பாதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. பக்கத்து அபார்ட்மென்ட்காரர் போகிற இடத்துக்கு நாமும் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. முன்கூட்டிய வாக்குப்பதிவில் உங்கள் கவுண்டிக்குள் எந்த மையத்துக்கும் போகலாம், கவுண்டியைத் தாண்ட முடியாது.

தபால் ஓட்டு டெக்சாஸில் எல்லாருக்கும் கிடையாது. 65 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது உடல்நிலை சரியில்லாமல் இருக்க வேண்டும், அல்லது பிரசவம் நெருங்கியிருக்க வேண்டும், அல்லது வாக்குப்பதிவு நடக்கும் நாட்கள் முழுக்கக் கவுண்டிக்கு வெளியே இருக்க வேண்டும், இப்படிச் சில காரணங்கள்தான். "வேலை அதிகம், வரிசையில் நிற்க முடியாது" என்பது காரணத்தில் சேராது. ஆக எனக்கும் மனைவிக்கும் நேரில்தான். மாமியாருக்கு 74 வயது, அவருக்குத் தகுதி உண்டு. (அவர் குடியுரிமைத் தேர்வைத் தமிழிலேயே மொழிபெயர்ப்பாளரை வைத்து வாயால் பதில் சொல்லித் தேறியவர். 55 வயதைத் தாண்டி, நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான பச்சை அட்டை வாங்கி 15 வருஷம் ஆகியிருந்தால் அந்தச் சலுகை உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை.)

அவருக்கு விண்ணப்பம் அனுப்பினோம், அக்டோபரில் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது. கவரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சீட்டு, அதைப் போட ஒரு கவர், அதைத் திருப்பி அனுப்ப இன்னொரு கவர். அனுப்பும் கவரின் மடிப்புக்கு அடியில் ஒரு கட்டம் இருக்கிறது, ஒட்டிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அதில் டிரைவர் லைசென்ஸ் அல்லது மாநில ஐடி நம்பரோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண்) கடைசி நான்கு இலக்கங்களோ எழுத வேண்டும், அது அவர்கள் பதிவில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். 2021-ல் கொண்டுவந்த சட்டம் இது. அதற்கு அடுத்த மார்ச்சில் நடந்த பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், வந்த தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம் நிராகரிக்கப்பட்டன, பெரும்பாலும் இந்த எண் விவகாரத்தால். திருத்த வாய்ப்பு தருகிறார்கள், ஆனால் அதற்கு நாம் பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அத்தை எப்போதோ பதிந்தபோது சோஷியல் எண் கொடுத்தாரா, ஐடி எண் கொடுத்தாரா என்று அவருக்கே நினைவில்லை. இரண்டையும் எழுதிவிடுங்கள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டாம் மாப்பிள்ளை, நேர்லயே போய் அமுக்கிட்டு வந்துடலாம்" என்றார்.

சரி, அதிலும் ஒரு நடைமுறை உண்டு. தபால் வாக்குச்சீட்டு கையில் இருப்பவர் நேரில் போடப் போனால் அந்தச் சீட்டை எடுத்துப்போய் மையத்தில் ஒப்படைத்து, தபால் ஓட்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். எடுத்துப் போகவில்லை என்றால் தற்காலிக ஓட்டு, அதாவது சரிபார்த்த பிறகு எண்ணலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஓட்டு போட நேரிடும். அதனால் மொத்தக் கட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

முன்கூட்டிய வாக்குப்பதிவு அந்த வருஷம் அக்டோபர் 21 முதல் நவம்பர் 1 வரை. முதல் இரண்டு நாள் கூட்டம் அலைமோதியது என்று கேள்விப்பட்டு, வார நடுவில் மதியம் போனோம். அத்தை, "பூத் ஸ்லிப் எங்கே?" என்று கேட்டார். அப்படி எதுவும் வீட்டுக்கு வந்து கொடுக்க மாட்டார்கள். கவுண்டி அனுப்பும் வாக்காளர் அட்டையும் அடையாள அட்டை ஆகாது, படம் போட்ட ஐடிதான் வேண்டும், எந்தெந்த ஐடி என்று மாநிலமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. செல்போனைக் காரிலேயே வைத்துவிடுங்கள். வாக்குப்பதிவு இயந்திரத்திலிருந்து 100 அடிக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது. வேட்பாளர் பெயர் போட்ட சட்டை, தொப்பிக்கும் தடை. தாளில் எழுதிய குறிப்பைக் கொண்டுபோகலாம், கட்டாயம் கொண்டு போங்கள். ஒரே பொத்தானில் ஒரு கட்சிக்கு மொத்தமாகப் போடும் வசதி டெக்சாஸில் 2020 தேர்தலிலிருந்து இல்லை. அதிபரில் தொடங்கி செனட்டர், நீதிபதிகள், ரயில்ரோடு கமிஷனர் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ரயில்ரோடு கமிஷனருக்கு ரயிலோடு இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை, எண்ணெயையும் எரிவாயுவையும் கண்காணிப்பதுதான் வேலை.

என் ஐடியைப் பார்த்த அலுவலர் கணினியையும் ஐடியையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ்ப் பெயருக்கு வழக்கமாக வருகிற வினைதான். லைசென்ஸில் அப்பா பெயர் கடைசியில் முழுசாக இருக்கிறது, வாக்காளர் பதிவில் அது வெறும் இனிஷியலாக ஏறியிருக்கிறது. இதற்கு விதியில் இடம் உண்டு. பெயர் அச்சு அசலாக ஒத்துப்போகாவிட்டாலும் பெரும்பாலும் ஒத்திருந்தால், ஒரே ஆள்தான் என்று உறுதி செய்து இனிஷியல் போடச் சொல்லிவிட்டு விடுவார்கள். முகவரி ஐடியில் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது, ஆனால் இது தெரியாமல் யாராவது வாசலிலிருந்தே திரும்பிப் போயிருப்பார்களோ என்று தோன்றியது.

அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது. திரையில் ஸ்பானிஷ் இருந்தது, தமிழ் இல்லை. படிக்க முடியாதவர் தனக்கு வேண்டியவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், வேலை கொடுத்தவரோ தொழிற்சங்க ஆளோ மட்டும் கூடாது. ஆனால் உதவுகிறவர் பெயர், முகவரி, என்ன உறவு, இதற்குக் காசு வாங்கினாரா என்று எழுதிக் கொடுத்து, சொல்லாலோ சைகையாலோ யாருக்குப் போடு என்று காட்ட மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுத்தேன். அப்புறம்தான் கஷ்டம் தெரிந்தது. மேலே இருந்த பதவிகளுக்கு அவர் யாருக்கு என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தார், நான் படித்துக் காட்டினேன், சொன்னதை அமுக்கினேன். நீதிபதிகள் பக்கம் வந்ததும், "இவங்க யாரு, நல்லவங்களா?" என்கிறார். நான் என்ன சொல்வது? பெயரையும் கட்சியையும் திரும்பப் படித்தேன். "தெரியலைன்னா விட்டுடலாமா?" என்றார். விடலாம், மற்ற ஓட்டெல்லாம் அதனால் கெட்டுப்போகாது. விட்டுவிட்டோம். அச்சாகி வந்த தாளை அவரே எண்ணும் இயந்திரத்தில் செருகினார்.

மகன் கதை வேறு. அவன் பிட்ஸ்பர்கில் படிக்கிறான், பதிவு டெக்சாஸில் இருந்தது. வெளியூரில் இருப்பதால் தபால் ஓட்டுக்குத் தகுதி உண்டு, ஆனால் விண்ணப்பத்தையே அச்செடுத்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், தேர்தலுக்கு 11 நாள் முன்னால் அது கவுண்டியில் வந்து சேர்ந்திருக்க வேண்டும், தபால்தலை நாமே ஒட்ட வேண்டும். "அப்பா, எங்ககிட்ட யார்கிட்டயுமே பிரின்டர் இல்லை. ஸ்டாம்ப்னா எங்கே வாங்கணும்?" என்றான். மாணவர்கள் படிக்கும் ஊரிலேயே பதிந்துகொள்ளலாம் என்று அவன் அறைத்தோழன் சொல்ல, பென்சில்வேனியாவில் ஆன்லைனில் பதிந்தான், பழைய பதிவு எங்கே என்று படிவமே கேட்டது. அங்கே 2019 சட்டத்துக்குப் பிறகு காரணமே சொல்லாமல் யாரும் தபால் ஓட்டுக் கேட்கலாம். ஆனால் நம் டெக்சாஸில் இருப்பதைப் போல மையத்துக்குப் போய் இயந்திரத்தில் முன்கூட்டியே போடும் வசதி கிடையாது. கவுண்டி அலுவலகத்துக்குப் போய் தபால் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கி, அங்கேயே நிரப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

சீட்டு வந்த அன்று வீடியோ காலில் வந்தான். இரண்டு கவர், உள்கவர் மஞ்சள். அந்த மஞ்சள் கவருக்குள் வைக்காமல் சீட்டை நேரே வெளிக்கவரில் போட்டால் ஓட்டு செல்லாது, மாநில உச்ச நீதிமன்றமே 2020-ல் அப்படிச் சொல்லிவிட்டது. வெளிக்கவரில் கையெழுத்தோடு தேதியும் எழுத வேண்டும், பிறந்த தேதி இல்லை, அன்றைய தேதி. எல்லாவற்றையும் கேமராவுக்கு முன்னால் நீட்டச் சொல்லிப் பார்த்தேன், அவனுக்கு எரிச்சல். எடிசன் நண்பன் சொன்ன முத்திரைக் கணக்கு இங்கே செல்லாது. தேர்தல் அன்று இரவு 8 மணிக்குள் கவர் கவுண்டியின் கையில் இருக்க வேண்டும். தபாலை நம்பாமல் நகர மையத்தில் இருக்கும் அலுவலகத்துக்கே போய்க் கொடுத்துவிட்டான். நண்பன் கவரையும் சேர்த்து எடுத்துப்போகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். அங்கே அவரவர் கவரை அவரவரே கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு மனைவியின் அக்கா சிரித்தார். அவர் வாஷிங்டன் மாநிலம், சியாட்டில் பக்கம். அங்கே 2011-லிருந்து எல்லாருக்கும் வாக்குச்சீட்டு தானாக வீட்டுக்கு வந்துவிடும், கூடவே வேட்பாளர்களைப் பற்றிய தடிமனான கையேடு, திருப்பி அனுப்பத் தபால் செலவும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்துப் படித்துப் போட்டார். ஆனால் அவருக்குத்தான் தேர்தல் முடிந்த பிறகு கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது, கையெழுத்து பொருந்தவில்லை என்று. அங்கே ஐடி எண்ணுக்குப் பதிலாகக் கையெழுத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். அக்கா லைசென்ஸில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கவரில் அலுவலகப் பழக்கத்தில் ஆங்கிலத்தில். கடிதத்தோடு வந்த படிவத்தில் தமிழில் போட்டு அனுப்பினார். கவுண்டி முடிவுகளை உறுதி செய்ய 21 நாள் இருந்ததால் ஓட்டு தப்பியது, ஏற்கப்பட்டது என்று இணையத்தில் காட்டியது. உங்கள் வீட்டில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருந்தால் லைசென்ஸை எடுத்துப் பார்த்துக்கொண்டு கவரில் போடச் சொல்லுங்கள்.

இந்த விதிகளும் அப்படியே நிற்பதில்லை. 2025-ல் கன்சாஸ், வட டகோட்டா, யூட்டா மூன்றும் தேர்தலுக்குப் பிறகு வந்து சேரும் கவருக்குத் தந்திருந்த அவகாசத்தை எடுத்துவிட்டன. முத்திரை தேதியை ஏற்கும் மாநிலங்களிலும், தெருமுனைப் பெட்டியில் போட்ட அன்றைக்கே முத்திரை விழும் என்று சொல்ல முடியாது, தொலைவில் இருக்கும் மையத்துக்குப் போய்த்தான் விழுகிறது. கடைசி நேரமானால் தபால் நிலையக் கவுன்ட்டரில் கையால் முத்திரை குத்தச் சொல்லி வாங்கலாம், அல்லது கவுண்டி வைத்திருக்கும் வாக்குப் பெட்டியில் போடலாம். டெக்சாஸில் 65 தாண்டியவர்களின் வருடாந்தர விண்ணப்பம் டிசம்பரோடு காலாவதி, ஒவ்வொரு வருஷமும் புதிதாக அனுப்ப வேண்டும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு அத்தை அந்தப் படிவமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகன் படிப்பு முடிந்து எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறானோ தெரியாது, அந்த ஊர்க் கவுண்டிப் பக்கத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.