பத்தடி ரிங்கும் நாலு மாமாக்களும்

2025 ஜூன் 5, வியாழக்கிழமை ராத்திரி அண்ணாச்சி வீட்டில், அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவின் ஃபைனல்ஸ் முதல் ஆட்டம் பார்த்தோம். ஓக்லஹோமா சிட்டி தண்டரும் இண்டியானா பேசர்ஸும் மோதும்போது டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் உட்கார்ந்திருக்கும் டாலஸ் ரசிகர்களுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பொண்ணு ஓடிப்போன வீட்டில்தான் ஊரார் கல்யாணத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். போன வருஷம் ஃபைனல்ஸ் வரை போன எங்கள் டாலஸ் அணி, இந்தப் பிப்ரவரியில் தன் பெரிய நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தது. மார்ச்சில் கைரி இர்விங்குக்கு முட்டி போச்சு. அத்தோடு முடிந்தது என்று ஜெர்சியைத் துவைத்து மடித்து வைத்த நேரத்தில், புது வீரர்களில் யார் முதலில் எடுப்பது என்று குலுக்கிப் போடும் மே 12 லாட்டரியில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் இடம் டாலஸுக்கு விழுந்தது. கூப்பர் ஃப்ளாக் வரப்போகிறான். வயது 18.

அன்றிலிருந்து நம்ம தெருவில் பிடித்த பைத்தியம்தான் இந்த 'இளம் வீரர்களை வளர்ப்பது'. அணிகள் வரிசையாகப் புது ஆட்களை எடுக்கும் ட்ராஃப்ட் 25-ம் தேதிதான். பையன் இன்னும் தொப்பியைக்கூட வாங்கிப் போடவில்லை. அதற்குள் அவனுக்கு எத்தனை நிமிஷம் ஆட்டம் கொடுப்பது என்று இவர்கள் அட்டவணையே போட்டுவிட்டார்கள்.

கோயமுத்தூர் மாப்பிள்ளை கட்சி: "முதல் நாள்ல இருந்தே பந்த அவன் கைல குடுத்தரோணுங். கைரி வர்ற வரைக்கும் அவனே கொண்டு வரட்டும்." அண்ணாச்சி கட்சி: "ஏல, பச்சப்பிள்ளைய அப்படியா ஏவுவ? நம்ம டிர்க் நொவிட்ஸ்கிய மறந்திட்டியா? மொத சீசன்ல சராசரி 8.2 பாயிண்டு. ஊரே கைகொட்டிச் சிரிச்சுது. 98-ல வந்தவன் கப்பத் தூக்குனது 2011-ல."

ரெண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்பதுதான் கொடுமை. உயரமான பையனிடம் பந்தைக் கொடுத்து மேலே கொண்டுவரச் சொன்னால், எதிரணி எப்படி நகர்கிறது, யார் உதவிக்கு வருகிறான், எந்த மூலையில் ஆள் காலியாக நிற்கிறான் என்று படிக்கக் கற்றுக்கொள்வான். கூடவே பந்தையும் தொலைப்பான், தோல்வியும் வரும். அந்தத் தோல்வியைத் தாங்கும் அணிக்கு மட்டும்தான் இது கட்டுப்படியாகும். தண்டர் தாங்கியது. 2021 டிசம்பர் 2-ம் தேதி மெம்ஃபிஸில் 152-79 என்று 73 பாயிண்டில் தோற்றார்கள். என்பிஏ சரித்திரத்திலேயே அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. அந்த சீசன் 24 வெற்றி, 58 தோல்வி. இந்த சீசன் 68 வெற்றி, 14 தோல்வி. கோச் அதே ஆள்தான். மார்க் டேக்னால்ட் முன்பு அவர்களுடைய ஜி லீக் (என்பிஏவுக்குக் கீழே உள்ள பயிற்சி லீக்) அணிக்குக் கோச்சாக இருந்தவர். 73-ல் தோற்ற மறுநாள் அவரைத் துரத்தாததுதான் அங்கே நடந்த முதல் 'டெவலப்மென்ட்' என்று ஆடிட்டர் சார் சொன்னார். ஆடிட்டர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நல்ல வார்த்தை சொல்வார். இந்த வருஷத்துக்கு அது ஆயிற்று.

ஆட்டத்துக்கு வருகிறேன். அண்ணாச்சி பேசர்ஸ் பக்கம். காரணம் ரிக் கார்லைல். 2011-ல் டாலஸுக்குக் கப் வாங்கிக் கொடுத்த கோச் இப்போது இண்டியானாவில் இருக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஒரு தட்டு பஜ்ஜியை முடித்துவிட்டு அண்ணாச்சி சொன்னார். மாப்பிள்ளை தண்டர் பக்கம். முதல் பாதியிலேயே பேசர்ஸ் 19 தடவை பந்தைத் தொலைத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கும் ஆச்சி, "கையில எண்ணெயத் தடவிக்கிட்டா ஆடுதானுவ?" என்று கேட்டார். டிவியில் பேசிய நிபுணர்கள் யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை. தண்டரின் லு டார்ட், கேசன் வாலஸ், கரூசோ மூன்று பேருக்கும் வேலையே கையை உள்ளே விட்டுக் கிண்டுவதுதான். அதிலும் டார்ட் ட்ராஃப்டில் யாருமே எடுக்காத ஆள். டூ-வே ஒப்பந்தத்தில் ஜி லீக்குக்கும் மெயின் டீமுக்கும் ஷட்டில் அடித்தவர். டூ-வே என்றால் அதிகபட்சம் 50 ஆட்டம், ப்ளேஆஃப் கிடையாது என்பது இன்றைய விதி.

இடைவேளை 15 நிமிஷம். இங்கேதான் பாப்பா மாட்டினாள்.

பாப்பாவுக்குப் பத்து வயசு. மாமாக்கள் உள்ளே இளம் வீரர்களை வளர்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் வெளியே டிரைவ்வேயில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "முழங்கை விலகுது பாரு" என்றார். நாலு பேரும் பஜ்ஜித் தட்டோடு வெளியே போனார்கள்.

முழங்கை விலகியது உண்மை. ஏன் விலகியது என்பதுதான் கதை. அண்ணாச்சி வாங்கிக் கொடுத்தது ஏழாம் நம்பர் பந்து. சுற்றளவு 29.5 அங்குலம், எடை 620 கிராம் பக்கம், முழுசாக வளர்ந்த ஆம்பளைகள் ஆடுவது. "வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கினா நாள்பட வரும்ல." பாவாடை மடிப்பு, பள்ளிக்கூடச் சட்டை, செருப்பு எல்லாவற்றிலும் நம்ம வீடுகளில் நடக்கும் அதே கணக்கு. ரிங்கையும் பத்தடியில் நட்டு வைத்திருந்தார். ஒன்பதிலிருந்து பதினொன்று வயசுப் பிள்ளைகளுக்கு என்பிஏவும் யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் சேர்ந்து சொல்லியிருப்பது 28.5 அங்குல ஆறாம் நம்பர் பந்து, ஒன்பதடி ரிங். பெண் பிள்ளைகளுக்குப் பெரியவர்களானாலும் ஆறாம் நம்பர்தான். டபிள்யூஎன்பிஏவே அதில்தான் ஆடுகிறது. ஏழாம் நம்பர் அவளுக்கு நாள்பட வரவே வராது.

கனமான பந்தை உயரமான ரிங்குக்கு அனுப்ப, பிள்ளையின் உடம்பு தானாகவே குறுக்கு வழி தேடும். பந்தை இடுப்புக்கு இறக்கி அங்கிருந்து வீசும். முழங்கை வெளியே போகும். தோள் திரும்பும். பந்தைச் சும்மா தாங்க வேண்டிய இடது கையின் கட்டைவிரல் கூடச் சேர்ந்து தள்ளும். உடனே பந்து பக்கவாட்டில் சுழலும். அந்தக் கட்டைவிரல் ஒரு தடவை பழகிவிட்டால், பதினாறு வயசில் சரியான பந்தைக் கையில் கொடுத்தாலும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பந்தைச் சின்னதாக்கி ரிங்கை ஓரடி இறக்கினாலே பாதி குறை யாரும் வாயைத் திறக்காமல் சரியாகும்.

வாயைத் திறக்காமலா? நாலு மாமாக்களும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். முட்டியை மடக்கு. விரல் நுனியில் பிடி. ரிங்கின் முன் விளிம்பைப் பார். இல்லை, பின் விளிம்பைப் பார். எப்போதும் புள்ளிவிவரம் பேசும் ஸ்டாட்ஸ் தம்பி மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னான்: தப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் போதும். இடது வலதாகத் தவறினால் கை வரிசையில் கோளாறு, அதைத் திருத்த வேண்டும். முன்னால் பின்னால் தவறினால் கால் பலமும் வளைவும்தான், போடப் போட வரும். அதை யாரும் கேட்கவில்லை. பாப்பா பந்தைக் கீழே வைத்துவிட்டு பஜ்ஜி எடுத்துக்கொண்டு ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நாலாவது குவார்ட்டரில் பேசர்ஸ் 15 பாயிண்ட் பின்னால். மாப்பிள்ளை கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். பிறகு ஓபி டாப்பினும் மற்றவர்களும் மூன்று மூன்றாகப் போட்டு இழுத்து வந்தார்கள். 110-109, தண்டர் ஒன்று முன்னால். கடைசி பத்துப் பதினோரு விநாடியில் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் போட்டது விழவில்லை. பந்து பேசர்ஸ் கைக்கு வந்தது. கார்லைல் டைம்-அவுட் கேட்கவில்லை. கேட்டால் தண்டர் தங்களுடைய நல்ல தடுப்பாட்டக்காரர்களை இறக்கி, ஆளுக்கு ஆள் பிரித்து வரிசை கட்டிவிடுவார்கள். ஓடவிட்டால் அந்தக் குழப்பமே பாதி வேலையைச் செய்துவிடும்.

பந்து ஹாலிபர்ட்டன் கையில். அவர் இன்னும் நடுக்கோட்டைத்தான் தாண்டுகிறார். எதிர் வீட்டிலிருந்து 'ஓ' என்று ஒரு கூச்சல். ஆடிட்டர் மகன்.

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அண்ணாச்சி வீட்டு டிவி இணையத்தில் ஓடுகிறது, அரை நிமிஷம் தாமதம். ஆடிட்டர் வீட்டில் கூரை மேல் ஆன்டெனா. ஏபிசி இங்கே எட்டாம் சேனலில் காற்றிலேயே இலவசமாக வருகிறது, ஒரே ஒரு தடவை ஆன்டெனாவுக்குத் தண்டம் அழுதால் சரி. மாசாமாசம் பணம் கட்டுபவன் கடைசியில் தெரிந்துகொள்கிறான். மூன்று மாசமாக எல்லோரும் சொல்லியும் அண்ணாச்சி, "கூரையில துருத்திக்கிட்டு நிக்கும், அசிங்கம்" என்கிறார். பத்தடிக் கம்பத்தில் கூடை நிற்பது மட்டும் அழகாம்.

முடிவு தெரிந்த பிறகும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். 21 அடியிலிருந்து ஹாலிபர்ட்டன் போட்டார். 111-110. மிச்சம் 0.3 விநாடி. ஆட்டம் முழுக்க பேசர்ஸ் முன்னால் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும். பந்தைப் பிடித்துப் போட விதிப்படி குறைந்தது 0.3 வேண்டும், 0.2 என்றால் தட்டிவிடத்தான் முடியும் என்று ஸ்டாட்ஸ் தம்பி விளக்கியதை, அண்ணாச்சியின் அணைப்புக்குள் நசுங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை கேட்டாரா என்று தெரியவில்லை. ஏப்ரலில் பேர் சொல்லாமல் நடந்த ஒரு வாக்கெடுப்பில் சக ஆட்டக்காரர்களே 'தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர்' என்று முதலிடம் கொடுத்தது இதே ஹாலிபர்ட்டனுக்குத்தான்.

ரீப்ளே வந்தது. மெதுவாக. பாப்பா எழுந்து டிவி பக்கத்தில் போனாள்.

"பெரியப்பா, இவரு முழங்கை எங்க இருக்கு?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஹாலிபர்ட்டன் பந்து போடுவது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மார்புக்கு முன்னாலிருந்து பஸ்ஸைத் தள்ளுவது மாதிரி தள்ளுவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி தள்ளுவார், நேராகப் போகும், மூன்று பாயிண்ட் நூறு போட்டால் 39 உள்ளே. அதனால்தான் யாரும் அதைக் கலைக்கவில்லை. 2020-ல் 12-வது ஆளாக எடுக்கப்பட்டவர். தண்டரின் ஜேலன் வில்லியம்ஸும் 2022-ல் 12-வது. ஷே 11-வது. பேசர்ஸின் பாஸ்கல் சியாகம் 27-வது, அவரும் ஜி லீக்கில் கப் வாங்கிவிட்டு வந்தவர். இந்த நாலு பெரிய தலைகளில் ஒன்றுகூட ட்ராஃப்டில் முதல் பத்தில் வந்ததில்லை. முதல் இடத்துக்காக மே மாசம் தேங்காய் உடைத்த அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரி கராஜுக்குள் போய் ஸ்பேனர் எடுத்து வந்தார். ரிங்கை ஒன்பதடிக்கு இறக்கப் போகிறாராம்.

இறக்கினார். பாப்பா ரெண்டு தடவை போட்டாள். ரெண்டாவது விழுந்தது. "நகரு, அளவு சரியான்னு பார்க்கேன்" என்று மாப்பிள்ளை பந்தை வாங்கினார். அதன் பிறகு அந்தப் பந்து பாப்பா கைக்குத் திரும்பவே இல்லை. ஒன்பதடியில் விரல் நுனி வலையைத்தான் தொட்டது. எட்டரை. எட்டு. கடைசியில் அந்தக் கம்பம் எவ்வளவு தாழுமோ அவ்வளவு, ஏழரை அடி. ஐந்தடி எட்டு அங்குல ஆள் கையைத் தூக்கினாலே ஏழே கால் அடி வரும். ஒரு சின்னக் குதி போதும். நாற்பத்தாறு வயசு அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டங்க் அடித்தார். அடித்தவர் ரிங்கைப் பிடித்துத் தொங்கவும் செய்தார். தொங்கக் கூடாது. உருட்டி வைக்கும் கம்பங்கள் முன்பாரம் தாங்காது, ஆளோடு கவிழும். அன்று கவிழாததற்கு ஒரே காரணம், அடித்தொட்டியில் தண்ணீருக்குப் பதில் மணல் கொட்டியிருந்தது. 35 கேலன் தொட்டியில் தண்ணீர் என்றால் 130 கிலோ, மணல் என்றால் 200-க்கு மேல்.

வெள்ளி மத்தியானம் ஹெச்.ஓ.ஏ.விலிருந்து, அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து மெயில். தெருவுக்குத் தெரிகிற மாதிரி ராத்திரியில் கூடை நிற்கக் கூடாது, பத்து நாளைக்குள் உள்ளே எடுக்கவும். ஆதாரமாக ஒரு படம்: இரவு 10:52, லுங்கியோடு அந்தரத்தில் அண்ணாச்சி. யார் எடுத்துக் கொடுத்தது என்று மதினி தெருவையே சந்தேகப்படுகிறார். அண்ணாச்சி அதே மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டார், இதைவிடப் பெரிய சைஸில் படம் கிடைக்குமா என்று.

மணலைக் காலி செய்யாமல் அந்தக் கம்பத்தை ஒருத்தராலும் நகர்த்த முடியாது. கொட்டிய ஓட்டை ரெண்டு அங்குலம். கவிழ்த்தால் ஈர மணல் கட்டியாக நின்றுகொள்கிறது, குச்சி விட்டுக் குத்தினால் ஒரு கைப்பிடி வருகிறது. ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு ரெண்டாவது ஆட்டம். வருகிறவர்கள் நாலு மணிக்கே வந்துவிடுங்கள், ஆளுக்கொரு வாளியோடு. மாமாக்கள் யாரும் இதுவரை வருவதாகச் சொல்லவில்லை.