சமையல்காரருக்கு மேலே

மார்ச் 11
இன்றும் கடிதம் இல்லை.

மார்ச் 13
வீடு பார்க்கப் போனேன். சின்ன அறைதான். ஆனால் ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது, மேலே குடியிருப்பவருக்குக் காது மந்தமாம். வயலினுக்கு இதைவிட நல்ல இடம் வியன்னாவில் கிடைக்காது. தரகர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. எனக்கு அது அக்டோபரோடு நின்றுவிட்டது. மாணவர்கள் இருக்கிறார்கள், கச்சேரிகள் வருகின்றன என்றேன். தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். போன் வராது.

திரும்பும்போது டோம்காசெ தெரு வழியாக வந்தேன். 1784 முதல் 1787 வரை இசையமைப்பாளர் மொசார்ட் குடியிருந்த வீடு. சால்ஸ்பர்க் அரண்மனையில் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 450 குல்டன், அந்தக் காலத்துப் பணம். இந்த வீட்டின் ஆண்டு வாடகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். விட்டுவந்த சம்பளம் மொத்தத்தையும் வாடகையாகவே கொடுத்திருக்கிறார். அவரிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை போலிருக்கிறது.

மார்ச் 17
1781-ல் இதே தேதியில் மொசார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை மறுபடி படித்தேன். தன் எஜமானரான சால்ஸ்பர்க் பேராயர் கொலொரேடோவின் பரிவாரத்தோடு வியன்னாவில் சிங்கர்ஸ்ட்ராசெ தெருவில் தங்கியிருக்கிறார். மதியச் சாப்பாட்டில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று வரிசையாக எழுதுகிறார். தலைப்பக்கம் பேராயரின் அறைப் பணியாட்கள் இருவர். கணக்குப் பார்ப்பவர், மிட்டாய் செய்பவர், சமையல்காரர்கள் இருவர், இசைக்காரர்கள். சமையல்காரர்களுக்கு மேலே உட்காரும் கௌரவமாவது எனக்குக் கிடைத்திருக்கிறதே என்கிறார்.

அப்போது அவருக்கு வயது 25. ஜனவரியில்தான் மியூனிக்கில் அவருடைய ‘இடோமெனேயோ’ ஆபரா அரங்கேறியிருந்தது. ஆறேழு வயதில் இதே ஊரில் மகாராணி மரியா தெரேசா முன்னால் வாசித்த பிள்ளை. பந்தியில் இடம் எங்கே என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்தச் சமையல்காரர்களையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களும் கையை நம்பிப் பிழைத்தவர்கள்தானே. அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

மார்ச் 18
அம்மா போன். “மாசம் பொறந்தா கைக்கு வர்ற காசு…” தலைவலி என்று சொல்லி வைத்துவிட்டேன். தலைவலி இல்லை.

மார்ச் 22
நாள் முழுக்க மழை. இசையமைப்பாளர் ஹைடனின் வேலை ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். 1761 மே 1, எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பம், ஆண்டுக்கு 400 குல்டன். வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, தலைக்குப் பவுடர். தினமும் மதியத்துக்கு முன்னும் பின்னும் முன்னறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதும் இசை இளவரசருக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் வேறு யாருக்கும் எழுதக் கூடாது, நகல் கொடுக்கவும் கூடாது. அந்தப் பிடி 1779-ல் போட்ட புது ஒப்பந்தத்தில்தான் தளர்ந்தது.

காலுறையை விட முடியவில்லை. காலையில் எழுந்து அதை மாட்டும்போது அவர் மனத்தில் அன்றைக்கு எழுத வேண்டிய மெட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும். சம்பளம் தவறாமல் வந்தது, ஆர்கெஸ்ட்ரா கையில் இருந்தது, எதை எழுதினாலும் உடனே வாசித்துக் கேட்கலாம். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனாலும் 1791-ல் லண்டனுக்குப் போனபிறகு, இந்தச் சுதந்திரம் எவ்வளவு இனிக்கிறது என்று எழுதினார். வயது 59.

நான் 34-ல் வேலையை விட்டேன். சீக்கிரமா, தாமதமா?

மார்ச் 23
ஞாயிறு. தபால் கிடையாது. இருந்தும் கீழே போய்ப் பார்த்தேன்.

மார்ச் 29
மரியா தெரேசாமீது இன்று தாங்க முடியாத கோபம். சின்ன வயதில் அவள் முன்னால் வாசித்த அதே மொசார்ட்டை மகன் ஃபெர்டினாண்ட் மிலானில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான். 1771 டிசம்பர். இப்படிப்பட்ட உபயோகமில்லாத ஆட்கள் உனக்கு எதற்கு, பிச்சைக்காரர்கள் மாதிரி ஊர் ஊராகத் திரிகிறார்கள் என்று எழுதுகிறாள். பையனுக்கு வயது 15. அவனுக்கு அந்தக் கடிதம் பற்றித் தெரியவே தெரியாது. அவன்பாட்டுக்கு வேலைக்காகக் காத்திருந்தான்.

ஏப்ரல் 3
தூக்கம் வரவில்லை. இரண்டு எண்கள். 1784-ல் மொசார்ட்டின் மூன்று கச்சேரிகளுக்குச் சந்தா ஆறு குல்டன், பட்டியலில் 174 பேர். ஆயிரம் குல்டனுக்கு மேல். பெருமையாகப் பெயர்களை எல்லாம் அப்பாவுக்கு அனுப்பினார். 1789-ல் மறுபடி பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரண்டு வாரம் கழித்து அதில் ஒரே ஒரு பெயர்: இசைமேல் பற்றுள்ள பிரபு வான் ஸ்வீட்டன். துருக்கியோடு போர், பிரபுக்கள் பலர் ஊரிலேயே இல்லை, எல்லாம் சரி. ஆனால் அதே கைதான், இன்னும் நன்றாக எழுதிக்கொண்டிருந்த கை. புக்பெர்க் என்ற வணிகரிடம் கடன் கேட்டு எழுதிய கடிதங்களை இரவில் படிக்கக் கூடாது.

என்னிடம் ஏழு மாணவர்கள். ஒரு பெண் ஜூனோடு நிற்கிறாள்.

ஏப்ரல் 8
1781-ல் இந்த மாலை மொசார்ட் துன் சீமாட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம். சக்கரவர்த்தியே அங்கே வந்திருந்தார், பாடியவர்களுக்கு ஆளுக்கு 50 டுகாட் தங்கக்காசு. சால்ஸ்பர்கில் அரை வருடச் சம்பளம். பேராயர் தன் கச்சேரிக்கு நிறுத்திவைத்துவிட்டார். ஜூனில் பேராயரின் அதிகாரி பிரபு ஆர்கோவிடம் உதை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு வெளியே போகும்போது இந்த மாலையும் நினைவில் இருந்திருக்கும்.

ஏப்ரல் 10
ஒரு விருந்தில் வாசித்தேன். கறுப்பு உடை, கறுப்புக் காலுறை, வருவது போவது பின்வாசல் வழியாக. இடைவேளையில் எங்கள் நான்கு பேருக்கும் சமையலறை ஓரமாக மேஜை. பரிமாறுகிற பையன்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். சமையல் செய்த அம்மா தானே வந்து என் தட்டில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றி, “இரண்டாவதாக வாசித்தது என்ன?” என்று கேட்டார்.

ஹைடன் என்றேன். இன்னொரு தடவை வாசிப்பீர்களா என்றார். அங்கேயே, அந்த மேஜை பக்கத்திலேயே, மெதுவான பகுதியை மட்டும் வாசித்தோம்.

பணம் மாதக் கடைசியில் தருவார்களாம்.

ஏப்ரல் 12
மாணவர் வீட்டிலிருந்து வருவதற்குள் தபால்காரர் வந்து போய்விட்டார். பெட்டியில் மஞ்சள் சீட்டு. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய கடிதமாம். திங்கட்கிழமைதான் கிடைக்கும்.