புகை என்றால் முதலில் ஜன்னல்

கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் சரிசெய்யும் வேலைக்கு நான் வந்த புதிதில், அறைக்குள் புகை வருகிறது என்று யார் கூப்பிட்டாலும் நேரே கூரைக்குத்தான் ஏறுவேன். புகை போகிற வழி அதுதானே, அடைப்பும் அங்கேதான் இருக்கும் என்று நினைப்பு.

ஒரு வீட்டில் அரை நாள் போராடிக் குழாய் முழுவதும் கரி சுரண்டி எடுத்தேன். இரண்டாம் நாளே திரும்ப அழைத்தார்கள். "அப்படியேதான் இருக்குங்க, பிள்ளைக்கு இருமல் நிற்கவே இல்லை" என்றார் அந்த அம்மா. எனக்கு மனசே சரியில்லை. அன்று உடன் வந்த மூத்த பணியாளர் புகைபோக்கியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார். கணப்பு இருந்த அறையின் ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தார். கொஞ்ச நேரத்தில் புகை மேலே திரும்பிவிட்டது.

புகைபோக்கி தானாக எதையும் உறிஞ்சுவதில்லை. சூடான காற்று லேசாகி மேலே போகிறது; போன அளவுக்கு வெளிக்காற்று வீட்டுக்குள் வந்தால்தான் அந்த ஓட்டம் தொடரும். கதவு, ஜன்னல் இடுக்கெல்லாம் இறுக்கமாக அடைத்த வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு காற்றை வெளியே தள்ளினால், வீடு தனக்கு வேண்டிய காற்றைப் புகைபோக்கி வழியாகவே கீழே இழுத்துக்கொள்ளும். புகையும் கூடவே வரும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-இல் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் புகைபோக்கிகள் புகைவதற்கு ஒன்பது காரணங்களைச் சொல்கிறார். அதில் முதல் காரணமே அறைக்குள் போதிய காற்று வராததுதான்.

இன்னொன்றும் உண்டு. மாடி ஜன்னலைத் திறந்துவைத்தால் நிலைமை மோசமாகும். வீட்டிலிருக்கும் சூடான காற்று அந்த வழியே ஏறிப்போய், வீடே ஒரு புகைபோக்கி ஆகிவிடும். நிஜப் புகைபோக்கி அதனிடம் தோற்றுப்போகும். திறப்பதானால் கணப்பு இருக்கும் அறையிலேயே திறக்க வேண்டும்.

அடுப்பு மூட்டும்போது மட்டும் புகைந்து, அப்புறம் சரியாகிவிட்டால் அது குளிர்ந்த குழாய். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிய புகைபோக்கிகளில் இது அதிகம். உள்ளே கனத்த குளிர்காற்று மூடி போல உட்கார்ந்திருக்கும். குழாயைத் திறந்து மூடும் தகடான டேம்பர் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு தாள் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி அந்தத் திறப்பருகே பிடித்தால் போதும். குழாய் சூடேறி இழுக்க ஆரம்பிக்கும்.

எப்போதுமே புகைந்தால் அளவை எடுத்துப் பார்ப்பேன். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு, கணப்பின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுக்கணக்கு. ஒரு வீட்டில் வாய் 90-க்கு 60 செ.மீ.; குழாய் 22-க்கு 20. அதாவது 5400-க்கு 440, போதாது. குழாயைப் பெரிதாக்குவது வீட்டையே இடிக்கிற வேலை. அதனால் வாயைச் சின்னதாக்கினோம். வாயின் மேல் விளிம்பில் ஒரு தகரத் தகட்டைப் பிடித்து, அடுப்பு எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். 12 செ.மீ. இறங்கியதும் புகை நின்றது. அந்த அளவுக்கே நிரந்தரத் தகடு பொருத்தினோம். எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான், எவ்வளவு வேண்டும் என்பதைப் புகையே காட்டிக்கொடுத்துவிடும்.

கூரைக்கு ஏறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பறவைக் கூடும் கரி அடைத்த வலைமூடியும் அங்கேதான் கிடைக்கும். ஈர விறகு எரிக்கிற வீடுகளில் தார் போன்ற கரி சீக்கிரம் படியும். அது தீப்பிடித்தால் வீடே போய்விடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற விறகுதான் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை ஆளை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது கண்ணுக்குத் தெரியாத புகைதான். இரவில் தீ அடங்கியதும், அறைச்சூடு வெளியே போகிறதே என்று டேம்பரை மூடிவிட்டுப் படுக்கிறார்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு இருந்தால் அது கார்பன் மோனாக்ஸைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. அதை அறிந்து ஒலிக்கும் கருவி இல்லாத வீடென்றால் உடனே வாங்கச் சொல்கிறேன். அப்புறம், 'சாம்பலைக் கிளறிப் பார்த்து, முழுக்க ஆறிய பிறகே மூடவும்' என்று ஒரு சீட்டில் எழுதி, கணப்பின் மேல் மாடத்தில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.